அக்கினி மூலையில் ஓர் ஐஸ் பெட்டி

விளக்குக் கொளுத்தினால் ஐஸ் கட்டுகிற பெட்டி ஒன்று மீசாலைக்கு வருகிறது என்ற செய்தி, அந்தப் பெட்டி வண்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்பே சாவகச்சேரிச் சந்தை வரைக்கும் போய்விட்டது. அது அறுபத்துநாலாம் ஆண்டு. ஊருக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். கரண்ட் இல்லாமல் ஐஸ் பெட்டி எப்படி வேலை செய்யும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டியை வாங்கிய தம்பிஐயா ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"கீழை மண்ணெண்ணை விளக்கு எரியும். மேலை ஐஸ் கட்டும்."

கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், பாவம், பெண்சாதிக்கு நோய் வருத்தம் வந்ததோடு மனிதருக்கு மூளையும் பிசகிவிட்டது என்று தங்களுக்குள் முடிவுகட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பெட்டி வந்ததே பெண்சாதி ஞானாம்பிகைக்காகத்தான். அவளுக்குச் சலரோகம். குளிசை மாத்திரையோடு அடங்குகிற இனமில்லை, நாள் தவறாமல் இன்சுலின் ஊசி ஏறவேண்டும். முன்பெல்லாம் சாவகச்சேரி மருந்துக்கடையில் ஒவ்வொரு போத்தலாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வருடம் கப்பலில் வருகிற சாமான்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் கடைக்காரர் தன்னிடம் இருந்த போத்தல்கள் அத்தனையையும் தூக்கித் தம்பிஐயாவின் கையில் கொடுத்து, "இனி எப்ப வருமெண்டு எனக்கே தெரியாது. கொண்டுபோய்க் குளிரிலை வையுங்கோ. சூடு பட்டால் வெறும் தண்ணி" என்று சொல்லிவிட்டார்.

குளிருக்கு எங்கே போவது? தம்பிஐயா அன்றைக்குப் பிடித்த ஓட்டம்தான். கிளிநொச்சிப் பக்கம் இருந்த ஓர் எஞ்சினியர் மாற்றலாகிப் போகிறார், அவர் வீட்டில் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஐஸ் பெட்டி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்து, பேசி, வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வாயால் அன்பாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர் அவர். ஞானாம்பிகைக்கு அது கல்யாணமான நாளிலிருந்து தெரியும். அதனால் விறாந்தையில் நின்று அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தபோது, அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்து நிற்பதாகவே அவளுக்குத் தோன்றியது. கண் கலங்கியதைத் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

பெட்டியை வீட்டின் நடு அறையில் வைத்தார்கள். அடியில் இருந்த தாங்கியில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியைக் கொளுத்தினார்கள். மறுநாள் காலையில் மேல் தட்டில் வைத்த தண்ணீர் கல்லாகக் கிடந்தது. தம்பிஐயா அதை ஒரு தட்டத்தில் போட்டுக்கொண்டு படலையடியில் போய் நின்றார். சிரித்துவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் ஒரு துண்டு வைத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். காய்ச்சல்காரருக்கு ஐஸ், பல்வலிக்காரருக்கு ஐஸ். சுவர் கட்டுகிற முருகேசு மேசனின் சின்ன மகளுக்குக் காய்ச்சல் தலைக்கேறி உடம்பு தூக்கிப் போட்டபோது ஞானாம்பிகைதான் ஐஸைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். பிள்ளை தப்பிவிட்டது. முருகேசு அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தவித்துக்கொண்டு திரிந்தார். எங்கள் பக்கத்தில் நன்றி என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இல்லை. அது மேடையில் சொல்கிற சொல். வீட்டில் சொன்னால் ஆள் கோபித்துக்கொள்ளும். செய்துதான் காட்டவேண்டும். முருகேசுவும் செய்து காட்டினார், அதில் வந்ததுதான் அவ்வளவு வினையும்.

அந்த வீட்டில் இன்னும் ஒருத்தி இருந்தாள். தம்பிஐயாவின் தமக்கை மகாதேவி. இளவயதிலேயே புருசனைப் பறிகொடுத்தவள். தம்பி கல்யாணம் முடித்துப் பெண்வீட்டோடு வந்தபோது தானும் ஒரு பெட்டகத்தோடு வந்து சேர்ந்தாள். வீடு ஞானாம்பிகையின் சீதனம், உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர்தான் இருந்தது. ஆனால் குசினிக்குள் மகாதேவி வைத்ததுதான் சட்டம். முழுகாமல் அடுப்படிக்கு யாரும் போகக் கூடாது. எச்சில், தீட்டு, துடக்கு எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கிருந்தது. காலையில் தம்பிஐயா பெண்சாதியின் சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சுவார், சீனி எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்து அறிவதற்காக. அந்த நேரத்தில் மகாதேவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கோடிப்புறம் போய்விடுவாள். மச்சாள்மார் இருவரும் பெரிதாகச் சண்டை பிடித்ததும் இல்லை, சேர்ந்திருந்து சிரித்ததும் இல்லை. சின்னச் சின்னதாக நாள் முழுக்க உரசிக்கொண்டார்கள்.

பெட்டி வந்த நாளிலிருந்து மகாதேவிக்கு ஒரே மனக்குறை.

"நடுவீட்டிலை ராப்பகலாய் நெருப்பு எரியுது. இது குடும்பம் இருக்கிற வீடோ, கொல்லன் பட்டறையோ?" என்று தம்பியைப் போகும்போதும் வரும்போதும் கேட்டாள்.

"அக்கா, அது ஐஸ் பெட்டி. தண்ணிச் சாமான்."

"தண்ணிச் சாமானெண்டால் ஏன் மண்ணெண்ணை குடிக்குது?"

மச்சாள் கேட்டதில் ஞாயம் இருப்பதாகவே ஞானாம்பிகைக்கும் பட்டது. நெருப்பென்றால் வீட்டின் தென்கிழக்கில், அக்கினி மூலையில் இருக்கவேண்டும். தண்ணீர் என்றால் வடகிழக்கு. இரண்டும் ஒன்றாக இருக்கிற சாமானுக்கு எந்த மூலை? மனையடி சாத்திரம் எழுதியவர்கள் ஐஸ் பெட்டியைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் முருகேசு உள்ளே வந்தார். மனையடி சாத்திரம் கரைத்துக் குடித்தவர் என்று பேர். பெட்டியைச் சுற்றி இரண்டு தரம் வந்தார். குனிந்து விளக்கைப் பார்த்தார்.

"இதுக்கு வாயிலை நெருப்பு, வயித்திலை குளிர். ஒரு உருப்படிக்கு எது வாயோ அதைத்தான் பாக்கவேணும். அக்கினி மூலைதான் இதின்ரை இடம். குசினிக்கை கொண்டுபோய் வையுங்கோ. அம்மாவின்ரை வருத்தமும் குறையும், இருந்து பாருங்கோ."

வருத்தம் குறையும் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், தம்பிஐயா சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். முருகேசு வேறு ஆளைத் தொடவிடாமல் தானே ஒரு பக்கம் தூக்கினார். பெட்டி குசினியின் தென்கிழக்கு மூலைக்குப் போயிற்று. மகாதேவி வாசலில் நின்று தலையாட்டினாள். எல்லாருக்கும் சந்தோசம்.

அந்தக் குசினி நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதைப் போட்டதும் முருகேசுதான். ஞானாம்பிகையின் கால் விறைத்துப் போய், குனிந்து நிமிர முடியாமல் இருந்த காலத்தில் தம்பிஐயா பக்கத்திலேயே நின்று போடுவித்த சீமெந்து நிலம். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும், துடைக்கத் தேவையில்லை, தானாக ஓடிச் சுவரோரத்து ஓட்டையால் வெளியே போய்விடும். அவ்வளவு நல்ல வாட்டம். தம்பிஐயா விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்.

இரண்டு நாள் கழித்து மேல் தட்டில் ஐஸ் கட்டவில்லை. பிறகு உள்ளே இருந்த வெண்பனி உருகி ஒழுகியது. தம்பிஐயா திரியைத் தூண்டிவிட்டார். குளிர் வரவில்லை. இன்னும் தூண்டினார். புகைதான் வந்தது. குசினிச் சுவர் கறுத்தது. ஊர்க் கண்ணெல்லாம் பட்டுவிட்டது என்று மகாதேவி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பெட்டிக்கு நாவூறு கழித்தாள். அடுப்பில் போட்ட மிளகாய் கமறவே இல்லை. அப்படியென்றால் நாவூறு நிச்சயம் என்று அவள் சொன்னாள். நாவூறு கழித்த பிறகும் பெட்டி அப்படியேதான் நின்றது.

ஞானாம்பிகை ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து போத்தல்களைக் கையால் பொத்திப் பார்த்தாள். இளஞ்சூடு. வெளியே இருக்கிற காற்றைவிடச் சூடு. சித்திரை வெயில் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போத்தல்கள்தான் அவளுடைய இனிவரும் மாதங்கள். அவை வெறும் தண்ணீராகிவிட்டால் அவளும் இல்லை. இதைக் கதைத்துப் பார்க்க ஒன்றுமில்லை, அவ்வளவு நேரான சங்கதி.

காலையில் காய்ச்சுகிற குழாயும் அதையேதான் சொல்லியது. நீலமாக நின்றால் நல்லது. பச்சை என்றால் சமாளிக்கலாம். மஞ்சள் கூடாது, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. அவளுடைய குழாய் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்கு வந்திருந்தது.

அன்றைக்குத்தான் அக்காவும் தம்பியும் வெடித்தார்கள்.

"உங்கடை வாய் சும்மா கிடந்திருந்தால் அது நடுவீட்டிலை கிடந்து ஐஸ் கட்டியிருக்கும்!" என்று தம்பிஐயா கத்தினார். "நடுவீட்டிலை நெருப்பு, நடுவீட்டிலை நெருப்பெண்டு நிண்ட நிலையிலை நிண்டியள். இப்ப சந்தோசமே?"

மகாதேவி நேரே பெட்டியடிக்குப் போய் உடைக்காத போத்தல்கள் எல்லாவற்றையும் மடியில் கட்டினாள். ஒரு பெரிய மண்சட்டியில் ஆற்றுமணல் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அதற்குள் ஒரு சின்ன மண்முட்டியைப் பதித்து, முட்டிக்குள் போத்தல்களை அடுக்கி, ஈரச் சாக்கால் மூடினாள். வெற்றிலையையும் வெண்ணெயையும் கோடையில் அவள் அப்படித்தான் வைப்பது வழக்கம்.

"அக்கா, அது மருந்து. வெத்திலை இல்லை!"

"உன்ரை பெட்டி அதை அவிக்குது, தெரியேல்லையே?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஞானாம்பிகையைப் பார்த்தார்கள். அவள் ஒரு கையைப் பெட்டிக்குள் விட்டாள். பிறகு அதே கையை முட்டிக்குள் விட்டாள். முட்டிக்குள் குளிர்மை இருந்தது. ஐஸின் குளிர்மை இல்லை, விடியப்புறக் கிணற்றுத் தண்ணீரின் குளிர்மை.

"முட்டிக்கையே இருக்கட்டும்" என்றாள்.

தம்பிஐயாவின் முகம் சுருங்கிப்போயிற்று. உடைத்துப் பாவித்துக்கொண்டிருந்த ஒரு போத்தலை மட்டும் பெட்டிக்குள்ளேயே விடச் சொல்லிக் கேட்டார். "அதாவது கிடக்கட்டும். என்ரை மானத்துக்கு." ஞானாம்பிகை விட்டாள். புருசனுடைய மானத்துக்கு ஒரு போத்தல் என்பது அவளுக்குக் கூடுதலாகத்தான் பட்டது. ஆனாலும் விட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் மகாதேவி அந்தச் சட்டியோடேயே குடியிருந்தாள். மணல் காயுமுன் தண்ணீர் ஊற்றினாள். காற்று மாறினால் காற்று வருகிற பக்கமாகச் சட்டியைத் தூக்கி வைத்தாள். சாக்கு உலர்ந்தால் நனைத்துப் போட்டாள். இதையெல்லாம் ஞானாம்பிகைக்குச் செய்வதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. "சட்டி வெடிச்சுப்போடும்" என்றாள். தண்ணீரில் கிடக்கிற சட்டி எங்கேயாவது வெடிக்குமா? ஞானாம்பிகை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த நாட்களில் அவளுக்கு அடக்கிக்கொள்ளச் சிரிப்பென்று ஒன்று இருந்ததே அந்தச் சட்டியால்தான்.

தம்பிஐயா பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், குருநகரில் விசாரித்துப் பேதுரு என்கிறவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடத்தில் மெசின் பார்க்கிறவன். கடற்கரைச் சனத்துக்கு உரிய கறுப்பு, தலைக்கு வாசனை எண்ணெய், முன்பல் ஒன்றில் தங்கம். தன் கெட்டித்தனத்தில் அவனுக்கிருந்த நம்பிக்கையை வேறு எவரும் அவன் மேல் வைக்கவேண்டிய தேவையே இல்லை.

"நான் மெசினைப் பாக்கேக்கை ஒருத்தரும் கதைக்கப்படாது" என்று சொல்லிவிட்டு அவன் தான் கதைக்கத் தொடங்கினான். பெட்டியின் பின்பக்கம் இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். "கீழை கொதிக்குது. மேலை பச்சைத் தண்ணி. ம்." காதை வைத்துக் கேட்டான். பிறகு மகாதேவியிடம் ஒரு தட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிப் பெட்டியின் தலையில் வைத்தான். தட்டுத் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாகச் சேர்ந்து விளிம்பால் வழிந்தது. வழிந்த தண்ணீர் நிலத்தில் விழுந்து, ஒரு துளி மிச்சமில்லாமல் ஓடிச் சுவரோரத்து ஓட்டைக்குள் போய் மறைந்தது.

பேதுரு தங்கப்பல் தெரியச் சிரித்தான். "நல்ல வாட்டமான நிலம், அண்ணை. ஆர் போட்டது?"

தம்பிஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"என்ன பிழை?" என்று ஞானாம்பிகைதான் கேட்டாள். அவளுக்கு அன்று காலை குழாய் செங்கல் நிறத்தில் நின்றது. பெட்டிக்குள் இருந்த போத்தலில் மருந்து கலங்கி, உள்ளே வெள்ளையாகத் தூள் மிதந்தது. மானத்துக்கு விட்ட போத்தல் போய்விட்டது. அவள் அதைக் கோடிப்புறத்தில் ஊற்றிவிட்டு, முட்டிக்குள் இருந்த போத்தல் ஒன்றை உடைத்து ஊசி போட்டிருந்தாள். பார்வைக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் முதலில் சில நாள் அந்தச் சூட்டுப் பெட்டிக்குள் கிடந்ததுதானே. உயிருள்ள மருந்தா, வெறும் தண்ணீரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நாளைக் காலை குழாய்தான் சொல்லவேண்டும்.

"அக்கா, முதலிலை ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ" என்று பேதுரு சம்மணம் கொட்டி இருந்தான். "ஐஸ் பெட்டிக்கை குளிரெண்டு ஒரு சாமானை ஆரும் கொண்டுவந்து கொட்டுறேல்லை. உள்ளுக்கை கிடக்கிற சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியாலை போறதுதான் வேலை."

"ஆர் தூக்குறது?" என்று மகாதேவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

பேதுரு பெட்டியின் கதவைத் திறந்து, மேல் தட்டைச் சுற்றி ஓடுகிற குழாயைத் தட்டிக் காட்டினான். "இவர்தான். எவாப்பரேட்டர் எண்டு பேர். இதுக்குள்ளை அமோனியா எண்டொரு சாமான் தண்ணியாய் வந்து ஆவியாய்ப் போகும். ஆவியாய்ப் போறதெண்டால் அதுக்குச் சூடு வேணும். இஞ்சை அடுப்பில்லை. அப்ப எங்காலை எடுக்கும்? பக்கத்திலை கிடக்கிற பாலிட்டை, தண்ணியிட்டை, உங்கடை மருந்திட்டைப் புடுங்கும். சூட்டைப் பறிகுடுத்த சாமான் குளிர்ந்துபோகும். அவ்வளவுதான் விசயம்."

"அப்ப கீழை எரியிற விளக்கு?"

"அது ஆவியாய்ப் போன அமோனியாவைத் திருப்பி எடுக்கிறதுக்கு. ஆவியைப் பின்னாலை இருக்கிற தண்ணி குடிச்சிடும். விளக்கு அந்தத் தண்ணியைச் சூடாக்க, அமோனியா பிரிஞ்சு மேலை ஏறும். உந்த மேல் குழாயிலை தன்ரை சூட்டைக் காத்துக்குக் குடுத்திட்டுத் திரும்பத் தண்ணியாகி, எவாப்பரேட்டருக்கை வழியும். எங்கடை குருநகர் மெசினிலை மோட்டர் தள்ளும். இதிலை மோட்டர் இல்லை, அக்கா. தன்ரை பாரத்திலைதான் வழியவேணும். பெட்டி சரிஞ்சு நிண்டால் அது வழியிலை எங்கையோ தேங்கிப்போகும். எவாப்பரேட்டருக்கு ஒண்டும் வராது. வராட்டில் ஆவியாகிறதுக்கும் ஒண்டுமில்லை. விளக்கு சும்மா எரியும், பெட்டி சூடேறும். திரியைத் தூண்டத் தூண்டக் கூடச் சூடேறும்."

தம்பிஐயா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனியாமல் இருக்கட்டும் என்று பெண்சாதிக்கு வாட்டம் வைத்த நிலம். வருத்தம் குறையட்டும் என்று தூக்கி வைத்த மூலை. பிள்ளையைக் காப்பாற்றியதற்காக முருகேசு கொடுத்த கைம்மாறு. எல்லாரும் நல்லதைத்தான் செய்தார்கள். ஞானாம்பிகைக்கு யாரிலும் கோபம் வரவில்லை. தனக்காக இத்தனை பேர் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிழைவிட்டிருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துதான் வந்தது.

பேதுரு எழும்பும்போது மூலையில் இருந்த மண்சட்டியைக் கண்டான். சாக்கைத் தூக்கி, முட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தான்.

"இது ஆர் செய்த வேலை?"

மகாதேவி அகப்பையைக் கழுவினாள். "மச்சாள்" என்று ஞானாம்பிகை சொன்னாள்.

"இதுவும் எவாப்பரேட்டர்தான், ஆச்சி. அங்கை அமோனியா, இஞ்சை தண்ணி. மண்ணாலை கசிஞ்சு, ஆவியாய்ப் போகேக்கை உள்ளுக்கை கிடக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகுது. ஒரே ஒரு வித்தியாசம். அதிலை போன அமோனியா சுத்தித் திரும்பி வரும். இதிலை போன தண்ணி போனதுதான். ஆராவது பக்கத்திலை நிண்டு ஊத்திக்கொண்டே இருக்கவேணும்."

அதைச் சொல்லிவிட்டு அவன் தன் பாட்டில் கையைத் துடைத்தான். ஞானாம்பிகை மச்சாளைப் பார்த்தாள். மகாதேவியோ அகப்பையை இரண்டாம் தரமும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன செய்யவேணும்?" என்று தம்பிஐயா கேட்டார்.

"தலைகீழாய் நிப்பாட்டவேணும்."

"ஆரை?"

"பெட்டியைத்தான், அண்ணை. தேங்கினது கலைஞ்சு போகட்டும். நாளை மத்தியானம் நிமித்தி, மட்டம் பாத்து, நடுவீட்டிலை வையுங்கோ. நானும் அப்ப வாறன்."

விளக்கை அணைத்து, தாங்கியைக் கழற்றி, பெட்டியை நடுவீட்டில் தலைகீழாக நிறுத்தினார்கள். நிறுத்தி முடிவதற்குள் ஊர் கூடிவிட்டது. முருகேசு ஓடிவந்து பார்த்துவிட்டு, தன்னால்தான் இப்படி என்று தலையில் அடித்துக்கொண்டார். ஞானாம்பிகை அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். பெட்டியின் கதையை இங்கேயே முடித்துவிடலாம்: மறுநாள் நிமிர்த்தி வைத்தார்கள், விளக்கைக் கொளுத்தினார்கள், அடுத்த நாள் விடிய ஐஸ் கட்டியது. பல வருடம் கட்டியது. ஆனால் ஞானாம்பிகைக்கு அன்றைக்குப் பெட்டியின் கவலை இல்லை. பெட்டிக்குள் வைப்பதற்கு மருந்து இருக்குமா என்பதுதான் கவலை.

அந்த நாள் முழுக்க அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. கண் மங்கலாக இருந்தது, எதிரே நின்ற முருங்கை மரத்தின் இலை தனித்தனியாகத் தெரியவில்லை.

விடிந்தது. தம்பிஐயா வழக்கம்போலக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். ஊற்றிய நீல மருந்து குழாய்க்கு வெளியே சிந்தியது. இன்னொரு முறை ஊற்றினார். அதுவும் சிந்தியது. "நீயே பார்" என்று குழாயை அவளுடைய கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் கிணற்றடிப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை, அன்றும் அவர் முகத்தைக் காட்டவில்லை.

அவளே ஊற்றினாள், சொட்டுகளை விட்டாள், விளக்கில் பிடித்துக் காய்ச்சினாள். குழாய் கொதித்து அடங்கியது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். ஒரு நிறம் இருந்தது. மங்கின கண்ணுக்கு அது நீலமா பச்சையா, பச்சையா மஞ்சளா என்று பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்ததே ஒழியத் தெளிவு வரவில்லை. இஞ்சேருங்கோ என்று கூப்பிடப் போனவள், அந்தத் தோள்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மச்சாள்" என்றாள். "எனக்குக் கண் தெரியேல்லை. இது என்ன நிறம்?"

கோடிப்புறத்தில் நின்ற மகாதேவி வந்தாள். முழுகி, திருநீறு பூசி, அடுப்படிக்குப் போக ஆயத்தமாக இருந்தவள். ஒன்றும் கேளாமல் அந்தக் குழாயைத் தன் கையில் வாங்கினாள். சூரியனுக்கு நேரே பிடித்தாள். அசைத்துப் பார்த்தாள். இன்னும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"பச்சை" என்றாள் மகாதேவி. "நல்ல இளம் பச்சை. நேத்துச் செங்கல், இண்டைக்குப் பச்சை. கீழை நீலமும் தெரியுது. மருந்து உயிரோடைதான் கிடக்கு."

ஞானாம்பிகை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள். மணல் காயவிடாமல் மச்சாள் ஊற்றிய அந்தத் தண்ணீர் முழுவதும் அவளுக்குக் கண்ணுக்குள் வந்தது. ஏதாவது சொல்லவேண்டும். தன் உயிரை எடுத்துக் கையில் தந்தவளுக்கு என்ன சொல்வது? மேடைச் சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை, அதைச் சொல்ல நா எழவில்லை. "மச்சாள்…" என்று தொடங்கி, அதற்கு மேல் போக முடியாமல் அவளுடைய சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மகாதேவி சேலையை இழுக்கவில்லை. அவளும் பக்கத்தில் குந்தினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கோபமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"நீ போனால் இந்த வீட்டிலை நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது, சொல்லு பாப்பம்?"

பிறகு எழும்பிக் கையைக் கழுவிவிட்டு, குரக்கன் பிட்டு ஆறுகிறது, ஊசியைப் போட்டுக்கொண்டு கெதியாய் வா என்று குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். ஞானாம்பிகை ஊசியைப் போட்டுக்கொண்டு போனாள்.